பதினேழாம் படலத்தின் வரிசை

நவம்பர் பதினோராம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே கால். பார்வையற்றோர் ஒலிநூலகம், மூன்றாம் மாடி, இரண்டாம் எண் ஒலிப்பதிவு அறை. காப்பியம் ஒன்றின் கடைசிப் படலமான பதினேழாம் படலம், இருநூற்று நாற்பது அடிகளும், சொற்கள் இடம் மாறிப் பதிவாகியிருப்பது தெரியவந்தது.

கண்டுபிடித்தவர் ஆப்பரேட்டர் அக்கா. எழுபத்தொரு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பத்து நான்கு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். பதிவான நூல்களை வெளியே அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்த்து, எந்த இடத்தில் தாள் சலசலக்கிறது, எந்த இடத்தில் மூச்சு இரைகிறது என்று சொல்வது ஓய்வு பெற்றபின் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அன்றைக்கு அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏம்மா, இந்தப் படலத்தை மட்டும் வேற ஆளு பாடினதா?”

கேட்டது உரைக்காரம்மாவை. கடினமான பாட்டுகளைப் பிரித்து, வாசிப்பவருக்குப் புரியும்படி பொருள் எழுதிக் கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் மூன்று மாடி ஏறி வந்ததும் பத்து நிமிடம் யாரோடும் பேச மாட்டாள். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை.

“எல்லாம் ஒரே புலவர்தான் அக்கா. ஏன்?”

“பதினாறு படலமும் நான்தானே கேட்டேன். வரிக்கு வரி ஒரு நொடி என்னை அந்தரத்துல நிக்க வெச்சுட்டுத்தான் கீழ இறக்கி விட்டாரு. இது என்னடான்னா ஆபீஸ் அறிக்கை மாதிரி போகுது. யாரு, எங்கே, என்ன பண்ணினாங்க, சரி, அடுத்தது. சொல்லு பழசு, பேச்சு புதுசு.”

உரைக்காரம்மா அலமாரியிலிருந்து படலத்தின் தாள்களை எடுத்துப் பார்த்தாள். முதல் தாளிலேயே விஷயம் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் ஓர் எண். அவள் கையெழுத்துதான்.

பாட்டின் சொற்களைப் பேச்சு வரிசைக்குக் கொண்டுவந்து பொருள் பார்ப்பதைக் கொண்டுகூட்டு என்பார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல்லைச் சேர்த்தால் பொருள் வரும் என்று மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று குறித்துக்கொள்வது அவள் வழக்கம். பதினாறு படலங்களுக்கும் அதைத் தனித்தாளில் செய்துவிட்டு, பாட்டைச் சுத்தமாக அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். பதினேழாவது வந்த வாரம் அவளுடைய அண்ணன் மருத்துவமனையில் கிடந்தார். தனித்தாள் எழுதத் தெம்பில்லை. பாட்டின் மேலேயே எண்ணைப் போட்டு, அதையே வாசிப்பவர் கையில் கொடுத்துவிட்டாள்.

வாசித்தவர் கணீர். கணீரென்று பேசுவதால் வந்த பெயர். சொந்தப் பெயரை ஊதியப் பட்டியல் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. இருபத்தொன்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அங்கேயும் பென்சில் எண் உண்டு. வண்டிகள் முன்னே பின்னே ஆனால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் தாளில் வரிகளின் மேல் எண் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் வண்டி போய்விடும். அந்தப் பழக்கத்தில் இருநூற்று நாற்பது அடிகளையும், ஒரு சொல் பிசகாமல், எண்ணின்படியே வாசித்து முடித்திருந்தார்.

ஒலிப்பதிவாளன் கவனித்திருக்க முடியாது. பதிவு முழுக்க ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் முள்ளு என்றே பெயர். கவனித்திருக்க வேண்டியவள் உரைக்காரம்மா. தாளை வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கூடவே கேட்பது அவள் வேலை. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி மதியம் அவள் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது உண்மை. முதல் பத்து அடிக்குள் கண்ணசந்துவிட்டதும் உண்மை. இரண்டாவது உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

“எனக்குத் தெரியும்மா. லேசாக் குறட்டைகூட வந்துச்சு. மைக்ல ஏறலை, அதனால விட்டுட்டேன்” என்றான் முள்ளு.

சாதாரணமாக இருந்தால் மறுபடி வாசிக்கச் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பதிவுக்கு மறுவாரம் கணீரின் தொண்டையில் கட்டி இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். வருகிற வியாழக்கிழமை காலை அறுவை. அதுவரை நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. அதற்குப் பின் பேச்சு வருமா என்று கேட்டதற்கு மருத்துவர், “முதல்ல ஆளைப் பார்ப்போம்” என்று சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமையாகிவிட்டது. மீதி இருந்தது செவ்வாயும் புதனும்.

முள்ளு முதலில் தன் வழியில் முயன்று பார்த்தான். “சொல்லு எல்லாம்தான் இருக்கே. வெட்டி, இடம் மாத்தி ஒட்டிடறேன். அரை நாள் வேலை” என்றான். ஒரு வரியை எடுத்துக்கொண்டான். படலத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு ஓர் அரசி காத்திருக்கிறாள். களத்திலிருந்து ஏவலன் வந்து நிற்கிறான். அவன் சொல்வது:

வீழ்ந்தனன் வேலொடு வெங்களத் திடையே
நின்மடி வளர்ந்தோன் நெடுங்கை இளையோன்.

கணீர் வாசித்திருந்தது: நின்மடி வளர்ந்தோன், நெடுங்கை இளையோன், வெங்களத்திடையே வேலொடு வீழ்ந்தனன்.

முள்ளு ‘வீழ்ந்தனன்’ என்ற சொல்லைக் கத்தரித்து முன்னால் கொண்டுவந்து ஒட்டினான். போட்டுக் கேட்டார்கள். வாசித்தபோது அது வாக்கியத்தின் கடைசிச் சொல். குரல் அதில் இறங்கி உட்கார்ந்திருந்தது. முன்னால் வந்தபிறகும் அது இறங்கியேதான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே போன ஆள் மறுபடி கதவைத் திறந்து பேசுவதுபோல மீதிச் சொற்கள் வந்தன.

“வேலைக்காகாது. தலையை வெட்டிக் காலுல ஒட்டின மாதிரி இருக்கு” என்று முள்ளுவே சொல்லிவிட்டான்.

மேலாளர் வந்தார். வெள்ளிக்கிழமை மற்ற ஊர்க் கிளைகளுக்கெல்லாம் ஒலிவட்டு போயாக வேண்டும் என்ற கவலையைத் தவிர அவருக்கு யார்மேலும் கோபமில்லை.

“ஏதாவது சொல்லு விட்டுப்போயிருக்கா?”

“இல்ல சார்.”

“தப்பா ஏதும் சேர்ந்திருக்கா?”

“இல்ல.”

“வீட்டுல எல்லா சாமானும் இருக்கு. இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கு. இன்னும் சுலபமாத்தானே புரியுது?”

“வாசப்படியைத் தூக்கிக் கொல்லையில வெச்சிருக்கு சார்.”

“அப்ப நீங்களே வாசிச்சுடுங்க.”

“பதினாறு படலம் கணீர், பதினேழாவது கீச்சா?” என்றான் முள்ளு. யாரும் சிரிக்கவில்லை, உரைக்காரம்மாவுக்கு மட்டும் உதடு கொஞ்சம் கோணியது.

மூலையில் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர் அக்கா, “அந்த வரியைப் புலவர் எழுதின மாதிரியே ஒரு தடவை சொல்லும்மா” என்றார். உரைக்காரம்மா களைத்த குரலில், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

“தந்தி வந்தா புள்ளி எழுத்துல குறிச்சு வெச்சுக்கிட்டு, நாங்க போன்ல படிச்சுச் சொல்லுவோம் சார்” என்றார் அக்கா, மேலாளர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி. “எழுதினதை எழுதின வரிசையில படிக்கணும், அதுதான் சட்டம். சில பேரு ‘அப்பா காலமானார்’னு எழுதுவாங்க. சில பேரு அவசரத்துல ‘காலமானார்’னு ஆரம்பிச்சு, பேரைக் கடைசில எழுதியிருப்பாங்க. முதல் மாதிரி எழுதினா அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கும். ரெண்டாவது மாதிரின்னா முதல் சொல்லு போனதும் மூச்சுச் சத்தமே நின்னுடும். வீட்டுல நாலு பெரியவங்க இருந்தா, நான் அடுத்த சொல்லுக்கு வர்றதுக்குள்ள நாலு பேரும் செத்திருப்பாங்க. பேரைச் சொன்னதும் மூணு பேருக்கு உயிர் திரும்பி வரும். அதுக்கப்புறம்தான் அழுகை.”

அக்கா தொடர்ந்தார்: “இந்த ராணியம்மாவுக்கு ரெண்டு பசங்க. அவன் ‘வீழ்ந்தனன்’னு வாயைத் திறந்ததும் ரெண்டும் போச்சு. மடியில வளர்ந்தவன்கிறான், ரெண்டும் மடியில வளர்ந்ததுதான். கை நீளம்கிறான். கடைசிலதான் இளையவன்கிறான். அதுவரைக்கும் இவ நிக்கணுமில்ல? நீங்க அனுப்பப்போற வட்டுல இவ நிக்கவே வேண்டாம். யாருன்னு முதல்லயே சொல்லி, உக்காத்தி வெச்சுச் சொல்லிடறீங்க.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெள்ளிக்கிழமை வட்டு போகணும். அதுக்குள்ள என்ன செய்வீங்களோ செய்யுங்க. ஆனா நோயாளியைத் தொந்தரவு பண்ற பழி என்மேல வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கணீரிடம் போய்ச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடி உரைக்காரம்மா படியில் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தாள். பேசாமல் விட்டுவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அக்கா ஒருவர் காதுக்குத் தெரிந்தது ஆயிரம் காதுக்குத் தெரியப்போவதில்லை. ஏழு மாதம் இந்த வேலையில் போயிருந்தது. ஒன்பதாயிரம் அடிக்குமேல் எண் போட்டுப் போட்டு, கடைக்குப் போனால்கூடப் பலகையில் உள்ள சொற்களை மனசு வரிசைப்படுத்தியது. படலத்தின் நடுவில் ‘தளர்ந்தன புரவி, தாழ்ந்தன கொடியே’ என்று ஓர் அடி வரும். அதற்கு எண் போடும்போதே அவளுக்குத் தோன்றியது: முதலில் தளர்ச்சி வந்து நிற்கிறது, அது யாருடையது என்பது அப்புறம்தான் வருகிறது. புரவி தளர்ந்தன என்று மாற்றிவிட்டால் தளர்ச்சி குதிரைகளோடு போய்விடுகிறது. நமக்கு வந்து சேர்வதில்லை. அப்படித் தோன்றியதை எங்கும் எழுதி வைக்கவில்லை. தூக்கம் வந்தது.

இரண்டு பேருந்து மாறிக் கணீரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. இரண்டு அறை வீடு. கணீர் நாற்காலியில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு, பேனா. அவர் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

உரைக்காரம்மா நடந்ததைச் சொன்னாள். எண்ணைத் தாளின் மேலேயே போட்டது தன் தப்பு என்றாள். கூட உட்கார்ந்து தூங்கிவிட்டதையும் சொன்னாள்.

கணீர் நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘நானும் யோசிச்சேன். பாட்டு இப்படிப் பேச்சு மாதிரி இருக்கேன்னு. சரி, புலவரும் களைச்சிட்டார்போலன்னு விட்டுட்டேன்.’

“இப்ப என்ன செய்யணும்கிறீங்க?” என்று அவர் மனைவி கேட்டாள். கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

“நாளைக்குப் பத்து நிமிஷம், நாளன்னைக்குப் பத்து நிமிஷம். டாக்டர் சொன்ன அளவுதான் அக்கா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

“புதன்கிழமை சாயங்காலம் எங்க பொண்ணு வர்றா. எட்டு மணி நேரம் விமானத்துல உக்காந்து வர்றா. எதுக்கு? அவரு வாயால அவ பேரைச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசறதைக் கேட்கத்தான். புதன்கிழமைப் பத்து நிமிஷம் அவளுக்குன்னு போன வாரமே பேசி வெச்சாச்சு.”

“அப்ப நாளைக்கு மட்டும்” என்றாள் உரைக்காரம்மா.

“அந்தப் புத்தகத்துல யாரோ ஒரு ராணியோட பிள்ளை செத்ததுக்கு என் வீட்டுக்காரர் தொண்டை கிழியணுமாக்கும்.”

கணீர் எழுத ஆரம்பித்தார். மனைவி, “எழுதிக் காட்டாதீங்க. எழுதறது உங்களுக்குச் சுலபம். படிக்கிறது நான்” என்றாள். அவர் எழுதிய தாளைக் கிழித்து மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று உரைக்காரம்மாவுக்குத் தெரியாது. வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். இரண்டு நாளா, இரண்டு மணியா என்று அவள் கேட்கவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கணீர் வந்தார், மனைவியோடு. லிஃப்ட் ஓடியது. உரைக்காரம்மா விடிவதற்குள் எழுந்து படலம் முழுவதையும் எண் இல்லாமல் புதிதாக அச்செடுத்து வைத்திருந்தாள்.

“முதல் அடியிலிருந்தா?” என்று முள்ளு கேட்டான். கணீர் தலையாட்டினார். நோட்டில், ‘வண்டி நடுவழியில கிளம்பாது’ என்று எழுதினார்.

“இந்த வண்டி நடுவழியிலதான் கிளம்பணும். நூற்று அறுபத்து மூணாவது அடி. ஏவலன் வர்ற இடம். அதுல ஆரம்பிச்சு முடிவு வரைக்கும். அப்புறம் நேரம் இருந்தா முதல்லயிருந்து” என்றாள் உரைக்காரம்மா.

அவர் அவளையே பார்த்தார். பிறகு தாள்களைப் புரட்டி அந்த இடத்துக்குப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மற்றவர்கள். குரல் பழைய குரல் இல்லை. கணீரென்பது போய், அடியில் மணல் அரைபட்டது. முள்ளு ஒலி அளவுக் குமிழை இரண்டு தடவை திருகினான். அவர் ‘வீழ்ந்தனன்’ என்றார். ரயில் அறிவிப்பில் ஊர்ப் பெயருக்கு முன்னால் விடுவதுபோல ஓர் இடைவெளி விட்டார். உரைக்காரம்மா கண்ணை விரித்து வைத்துக்கொண்டு தாளில் விரலை நகர்த்தினாள். ஆப்பரேட்டர் அக்கா வழக்கமாகத் திங்கட்கிழமைதான் வருவார். அன்று செவ்வாய்க்கிழமையும் வந்திருந்தார். கணீர் ‘இளையோன்’ என்றபோது அவர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

கணீரின் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடியில் இருநூற்று நாற்பதாம் அடி முடிந்தது. மூன்று இடத்தில் இருமல். முள்ளு அதை மட்டும் வெட்டிவிடலாம் என்றான்.

“போதும்ல?” என்றாள் அவள்.

“போதும்க்கா” என்றாள் உரைக்காரம்மா. போதாது என்பது தாளைப் பார்த்த யாருக்கும் தெரியும். முதல் நூற்று அறுபத்திரண்டு அடிகள் இன்னும் பழையபடியே இருந்தன.

புதன் காலை பத்து மணிக்குக் கணீர் தனியாக வந்தார். ஆட்டோவில் வந்ததாகவும், மனைவி குளித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதிக் காட்டினார்.

“வேண்டாம். வீட்டுக்குப் போங்க. பொண்ணு வருது.”

அவர் எழுதினார்: ‘அவ அம்மாகிட்ட சண்டை போட என் குரல் வேண்டாம். என்கூடச் சண்டை போடவும் வேண்டாம். முப்பது வருஷமா நான் பேசறதை அவ கேட்டதே இல்ல.’ எழுதிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘பாதி வரிசை அப்படி, பாதி இப்படின்னு அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது. தூங்கறதுல நீங்க கெட்டிக்காரர். நான் இல்ல.’

உரைக்காரம்மா எழுந்து அவருக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் மறுக்க அவளிடம் தெம்பில்லை. மறுக்க மனமும் இல்லை என்பதை அவள் தனக்குள் ஒத்துக்கொண்டாள். முள்ளு கதவைச் சாத்தினான்.

முதல் அடியிலிருந்து ஆரம்பித்தார். முப்பது அடி நன்றாகப் போயிற்று. நாற்பதுக்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி நீர் குடித்தார். அறுபத்தெட்டில் குரல் இரண்டாகப் பிளந்தது. முள்ளு கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தான். கணீர் தலையாட்டிவிட்டு மூன்று அடி வாசித்தார். எழுபத்திரண்டாவது அடிக்கு வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை திறந்தார். மீட்டரின் முள் அசையவில்லை.

நீர் குடித்த நேரம் போக ஏழு நிமிடம் ஐந்து விநாடி ஆகியிருந்தது.

அவர் மனைவி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தாள். தாளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அவர் கழுத்துத் துண்டை அவிழ்த்து, மறுபடி சரியாகக் கட்டினாள். “எழுந்திருங்க” என்றாள். உரைக்காரம்மா, “அக்கா” என்று ஆரம்பித்தாள்.

“நீங்க பேசாதீங்க. இன்னைக்கு யாரும் பேச வேண்டாம்.”

மகள் அன்று மாலை ஆறு மணிக்கு வீடு வந்தாள். அப்பாவிடமிருந்து அவளுக்கு நோட்டில் நான்கு பக்கம் கிடைத்தது.

வியாழன் காலை ஏழரைக்கு அறுவை நடந்தது. கட்டியோடு குரல்நாண் ஒன்றையும் எடுத்தார்கள். பேச்சைப் பற்றி ஆறு மாதம் கழித்துச் சொல்வதாக மருத்துவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வட்டுகள் கிளைகளுக்குப் போயின. பட்டியலில் அந்த நூலுக்கு நேராக உரைக்காரம்மா ஒரு குறிப்புச் சேர்த்தாள். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். குறிப்பு இது: “பதினேழாம் படலத்தில் 72 முதல் 162 வரையுள்ள அடிகள் பாட்டின் வரிசையில் இல்லை, உரைநடை வரிசையில் வாசிக்கப்பட்டுள்ளன. பிழை, பிரதி தயாரித்தவருடையது.”